இல்லாத சென்சார் பேசியது

போன சித்திரையில் பல்லடம் பக்கம் பெரியப்பாவின் கோழி ஷெட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் பட்டறை செய்துகொடுத்த கண்ட்ரோலர்தான் அங்கே ஃபேனையும், தண்ணீரைப் பனிபோலத் தூவும் ஃபாகரையும் பார்த்துக்கொள்கிறது. முந்தின நாள் சாயங்காலம் மழை, காற்றில் ஈரம் ஏகத்துக்கு இருந்திருக்கிறது, ஆனாலும் ஃபாகர் ராத்திரி முழுக்கத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்ததில் கீழே பரப்பிய தேங்காய் மஞ்சி நனைந்து அம்மோனியா வாடை கண்ணை எரித்தது.

"ஏஞ்சாமி, மிசினெல்லாம் ஓடுது, குஞ்சுக வாயப் பொளந்துட்டுல்ல நிக்குது" என்றார் பெரியப்பா.

"பாத்துர்லாங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஈரப்பதம் ஏறினால் ஃபாகரை நிறுத்து என்ற வரி எங்கள் புரோகிராமில் இருந்தது. தப்பான இடத்தில் இருந்தது. அதை நாங்கள் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்த்ததில்லை, ஏனென்றால் கோவை கணபதியில் இருக்கும் பட்டறைக்குள் 30 டிகிரி வெப்பமும் 90 சதவீத ஈரமும் ஒன்றாக வேண்டுமென்றால் எங்கே போவது? இட்லிப் பானை ஆவியைக் காட்டுவோம், ஹேர் டிரையரைக் காட்டுவோம், அவ்வளவுதான்.

புது மாடல் கண்ட்ரோலரில் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுகிறது. அதனால் போர்டே இல்லாமல் அதைக் கணினிக்குள் ஓட்டலாமே என்று தேடித்தான் கியூஎமுவுக்கு வந்தேன். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் தொடங்கிய எமுலேட்டர் அது. சிபியு, மெமரி, பஸ் எல்லாவற்றையும் மென்பொருளாகவே ஆடிக் காட்டும். டிஎம்பி105 என்ற வெப்ப சென்சார்கூட உள்ளேயே இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து 28000 என்று கொடுத்தால், உள்ளே இருக்கும் லினக்ஸ் 28 டிகிரி என்று நம்பும். நாங்கள் வைப்பது எஸ்எச்டி21, வெப்பமும் ஈரப்பதமும் ஒன்றாகத் தருவது. அது நான் பார்த்த கியூஎமுவில் இல்லை. சரி, நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கவில்லை, டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ். ஆனால் இந்த வேலைக்கு வேண்டியது சிப்பைத் தெரிந்திருப்பதுதான், அது என்னிடம் இருந்தது. ஐ2சி பஸ் என்பது சிப்புகள் பேசிக்கொள்ளும் பாதை, இரண்டே கம்பி, ஒன்று டேட்டா, ஒன்று கிளாக். ஒவ்வொரு சிப்புக்கும் 7 பிட் விலாசம். எஸ்எச்டி21க்கு அது பதினாறடிமானத்தில் 40. கியூஎமுவில் இப்படி ஒரு சிப்பை எழுத முக்கியமாக மூன்று ஃபங்ஷன் போதும்: பஸ்ஸில் பேச்சு தொடங்கினாலோ முடிந்தாலோ கூப்பிடுவது ஒன்று, பைட் வந்தால் வாங்குவது ஒன்று, பைட் கேட்டால் கொடுப்பது ஒன்று. இத்தனை வருஷமாக இந்தச் சிப்பிடம் கேள்வி கேட்கிற பக்கத்தில்தான் இருந்தேன், சிப்பின் விவரக் குறிப்பான டேட்டாஷீட்டையும் அந்தக் கண்ணோடுதான் படித்திருக்கிறேன். இப்போது பதில் சொல்கிற பக்கம் உட்கார்ந்து அதையே படித்தபோது ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி தெரிந்தது. அளந்து முடிப்பதற்குள் கேட்டால் என்ன செய்வேன், இரண்டு பைட்டோடு கேட்பவன் நிறுத்திக்கொண்டால் மூன்றாவதை என்ன செய்வேன் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

உண்மையான சிப் 14 பிட் வெப்பத்தை அளக்க அதிகபட்சம் 85 மில்லி செகண்ட் எடுக்கும், அதுவரை கிளாக் கம்பியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதையும் எமுலேட் பண்ணவேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இந்த முறையில் உள்ளே ஓடும் புரோகிராமுக்குக் கொஞ்சம் தாமதம் தவிர வித்தியாசம் எதுவும் தெரியப்போவதில்லை, அதனால் விட்டுவிட்டேன். இப்போதும் அது சரி என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் கணக்கு. சிப் கொடுக்கும் எண்ணை 65536ஆல் வகுத்து, 175.72ஆல் பெருக்கி, 46.85ஐக் கழித்தால் வெப்பம். எனக்கு அதைத் தலைகீழாகப் போடவேண்டும். ஆயிரத்தில் ஒரு டிகிரி அலகில், 46850ஐக் கூட்டி, 65536ஆல் பெருக்கி, 175720ஆல் வகுத்தேன். 10 டிகிரி கொடுத்தேன், சரியாக வந்தது. குஞ்சு இறக்கிய முதல் வாரத்துக்கு வேண்டிய 32 டிகிரி கொடுத்தேன், லினக்ஸ் மைனஸ் 33.5 என்றது! ஃபார்முலாவைப் பத்துத் தடவை சரிபார்த்தேன், தப்பே இல்லை. தப்பு பாத்திரத்தில் இருந்தது. 78850ஐ 65536ஆல் பெருக்கினால் ஐந்நூறு கோடிக்கு மேல் போகிறது, 32 பிட்டில் ஏறக்குறைய 429 கோடிதான் பிடிக்கும், மேலே இருப்பது வழிந்துவிடுகிறது. ஏறத்தாழ 18.7 டிகிரிக்கு மேல் எதைக் கொடுத்தாலும் இதே கதைதான், எங்கள் ஊரில் மார்கழி ராத்திரிக்கு மட்டும் உதவும் சென்சார். 64 பிட்டாக மாற்றினேன், 31990 வந்தது. கடைசி இரண்டு பிட் வெப்பத்துக்குச் சொந்தமில்லை, அவை நிலை சொல்பவை, அதனால் வெட்டிப்போடாமல் பக்கத்து நான்கின் மடங்குக்கு முழுமையாக்கவேண்டும். அதைச் செய்ததும் 32000. ராத்திரி பதினொன்றரை மணிக்கு, போர்டும் இல்லாமல் சிப்பும் இல்லாமல் திரையில் வந்த அந்த 32000ஐ வீட்டில் எழுப்பிக் காட்டினேன்.

எழுதியதைக் கியூஎமுவிலேயே சேர்க்கச் சொல்லி அதை நடத்துபவர்களுக்கு அனுப்புவதற்குத் தனி முறை இருக்கிறது. பேட்சை, அதாவது நாம் செய்த மாற்றத்தை, மின்னஞ்சலாக அனுப்பவேண்டும், இது என் வேலை, இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று பேர் போட்டு ஒரு வரி சேர்க்கவேண்டும், வரி நீளம், இடைவெளி எல்லாம் பார்க்க அவர்களிடமே ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. அனுப்பும் பட்டனை அழுத்தக் கை நடுங்கியது, அது நிஜம்.

இரண்டு நாளில் பதில் வந்தது. மெஷினின் நிலையைச் சேமித்து வேறிடத்தில் தொடர்ந்தால் இந்தச் சிப் தன் நிலையை மறந்துவிடும், அதைச் சேர்க்கச் சொன்னார்கள். டெஸ்ட் ஒன்றும் எழுதச் சொன்னார்கள். லினக்ஸில் சரியாக ஓடும்போது டெஸ்ட் எதற்கு என்றுதான் முதலில் தோன்றியது. எழுதிய பிறகு புரிந்தது. சிப் மூன்று பைட் தரும், மூன்றாவது சிஆர்சி, அதாவது முதல் இரண்டும் வழியில் கெடவில்லை என்பதற்கான சாட்சி. இந்தச் சிப்போடு பேசும் லினக்ஸ் டிரைவர் இரண்டு பைட்டோடு நிறுத்திக்கொள்கிறது, மூன்றாவதைக் கேட்பதே இல்லை. என் டெஸ்ட் கேட்டது, டேட்டாஷீட்டோடு ஒத்துப்போகவில்லை. எங்கள் வேறொரு போர்டில் இருக்கும் எஸ்எச்டி30க்கு எழுதிய சிஆர்சியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். இரண்டுக்கும் சிஆர்சி போடும் பல்லுறுப்புக்கோவை ஒன்றுதான். ஆனால் 30இல் கணக்கு 255இல் தொடங்கும், 21இல் பூஜ்யத்தில் தொடங்கும். எங்கள் கண்ட்ரோலரோ சிஆர்சி தப்பாக இருந்தால் அளவையே தூக்கி எறிந்துவிடும். முகம் தெரியாத ஒருவர் டெஸ்ட் கேட்டதால் அது என் மேசையிலேயே பிடிபட்டது, அவருக்கு நான் எழுதிய நன்றி வெறும் மரியாதைக்கு எழுதியதல்ல.

எங்கள் பக்கம் மோட்டார் ஸ்டார்ட்டர், தறி, மில் ஈரப்பத மீட்டர் என்று போர்டைத் திறந்தாலே இது இன்ன சிப் என்று சொல்லும் ஆட்கள் கணபதியிலும் பீளமேட்டிலும் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கியூஎமு மாதிரி யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் என்றால் பெரிய கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைத்து ஒதுங்கி நிற்கிறார்கள், நானும் அப்படித்தான் நின்றேன். ஒரு டேட்டாஷீட்டை முழுசாகப் படிக்கத் தெரிந்தவருக்கு இங்கே வேலை இருக்கிறது. நேரக் கடிகாரச் சிப், ஈப்ராம் என்ற சின்ன நினைவகச் சிப், வெப்ப சென்சார் மாதிரி நாலைந்து ரெஜிஸ்டர் உள்ளதாக எடுத்துக்கொள்ளுங்கள், கியூஎமுவில் இருக்கும் டிஎம்பி105 புரோகிராமைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் தமிழிலேயே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் பேட்சின் மூன்றாம் பதிப்பு போய் நான்கு நாளாகிறது, இன்னும் சேர்க்கவில்லை. அதற்குள் பெரியப்பா ஷெட்டின் அந்த மழை ராத்திரியை, பத்து நிமிஷத்துக்கு ஒரு வெப்பமும் ஈரமுமாக எழுதி, எமுலேட்டருக்குள் ஓட்டிப் பார்த்தேன். பழைய புரோகிராமில் ஃபாகர் விடியவிடிய ஓடியது. திருத்தியதில் ராத்திரி ஏழே முக்காலுக்கே நின்றது.