மெலிந்ததா, வளரவே இல்லையா?

ஒளியை அளக்கும் லூமினோமீட்டரின் திரையில் 96 எண்கள் வந்து நின்றன, பிளேட்டின் ஒவ்வொரு சிறு குழிக்கும், அதாவது வெல்லுக்கும், ஒன்று. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எண். தசையை வளரவிடாமல் தடுக்கும் மயோஸ்டாட்டின் புரதத்தை ஊற்றிய வெல்லும் ஊற்றாத வெல்லும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. மூன்றாவது முறையாக இதே கதை. பிளேட்டைக் கழிவுப்பையில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன், எழுந்திருக்க அரை மணி நேரம் ஆயிற்று.

பரிசோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மனிதச் சிறுநீரகத்திலிருந்து வந்த செல்களுக்குள் ஒரு டி.என்.ஏ. வளையத்தை நுழைக்கிறோம். அதில் மின்மினிப் பூச்சியின் லூசிஃபெரேஸ் ஜீன் இருக்கும். அந்த ஜீனுக்கு முன்னால் சி.ஏ.ஜி.ஏ. என்ற நான்கெழுத்துத் துண்டு 12 முறை வரும். மயோஸ்டாட்டின் போன்ற காரணி செல்லின் வெளியே உள்ள ஏற்பியில் வந்து உட்கார்ந்தால், உள்ளே ஸ்மாட்3 என்ற புரதம் பாஸ்பேட் ஏறி, செல்லின் கருவுக்குள் போய், அந்த நான்கெழுத்தைப் பிடித்துக்கொள்ளும். ஜீன் ஓடும், லூசிஃபெரேஸ் சேரும், அதற்கான வேதிப்பொருளை ஊற்றினால் ஒளி வரும். ஒளி கூடினால் சமிக்ஞை கூடியிருக்கிறது என்று பொருள். எனக்கு ஒளியே வரவில்லை.

நான் சேர்ந்தது சூலகத்தை ஆராயும் ஆய்வகம். முட்டை எப்படி முதிர்கிறது, அதை முதிரச் செய்யும் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோனை யார் ஏற்றுகிறார், யார் இறக்குகிறார் என்பதுதான் அங்கே எல்லோருடைய பேச்சும். நான் மட்டும் தசை. 'சூலக ஆய்வகத்தில் தசைக்கு என்ன வேலை?' என்று முதல் ஆண்டு மதிப்பாய்வுக் குழுவில் ஒருவர் கேட்டார். என் கைடு பதிலாக ஒரு எலியின் கதையைச் சொன்னார். 1992-ல் மார்ட்டின் மாட்சுக் குழுவினர் எலியில் இன்ஹிபின் ஜீனை நீக்கினார்கள். இன்ஹிபின் என்பது, எஃப்.எஸ்.ஹெச்-ஐச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியிடம் 'எஃப்.எஸ்.ஹெச். போதும்' என்று சொல்லும் ஹார்மோன். அதை எடுத்தால் கருவுறுதலில் கோளாறு வரும் என்பது எதிர்பார்த்ததுதான். எலிகளின் சூலகத்திலும் விரையிலும் கட்டி வளர்ந்தது. 1994-ல் அதே குழு எழுதியது இன்னும் விசித்திரம்: கட்டி வந்த எலிகள் எலும்பும் தோலுமாக மெலிந்து செத்தன. புற்றுநோயாளிகள் மெலிவதைப் போன்ற மெலிவு. கட்டி ஆக்டிவினை இரத்தத்தில் கொட்டியதுதான் அதற்குப் பின்னால் இருந்தது.

ஆக்டிவினும் இன்ஹிபினும் அக்காள் தங்கை போல. பீட்டா என்ற துண்டு இரண்டு சேர்ந்தால் ஆக்டிவின். ஒரு பீட்டாவும் ஒரு ஆல்ஃபாவும் சேர்ந்தால் இன்ஹிபின். முன்னது எஃப்.எஸ்.ஹெச்-ஐ ஏற்றும், பின்னது இறக்கும். ஆக்டிவினை 1986-ல் முதலில் பிரித்தெடுத்தது பன்றியின் சூலகத்து நீரிலிருந்து, அதுவும் இன்ஹிபினைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தபோது. தசையைப் பற்றி அப்போது பேச்சே இல்லை. 1997-ல் மயோஸ்டாட்டின் வந்தது. அந்த ஜீன் இல்லாத எலிக்கு தசை இரண்டு மூன்று மடங்கு. அதே ஆண்டு, பெல்ஜியன் ப்ளூ என்ற மாட்டினத்தின் முறுக்கேறிய பின்புறத்துக்கும் அந்த ஜீனில் 11 எழுத்துகள் காணாமல் போனதே காரணம் என்று தெரிந்தது. மயோஸ்டாட்டினும் ஆக்டிவினும் போய் உட்காரும் ஏற்பி ஒன்றேதான், ஆக்டிவின் இரண்டாம் வகை ஏற்பி. கதவு ஒன்று, சாவி இரண்டு. குழுவில் கேட்டவர் தலையசைத்தார். சரி, எனக்கு வேலை கிடைத்தது.

ஆனால் ஒளி வரவில்லையே. முதலில் செல்களைச் சந்தேகப்பட்டேன். செல்களில் ஒளிந்து தொற்றும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா இருக்கிறதா என்று சோதனை செய்தேன், இல்லை. பிறகு டி.என்.ஏ. வளையத்தைச் சந்தேகப்பட்டு புதிதாகத் தயாரித்தேன். அப்புறம் லூமினோமீட்டரையே சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு வாரம் போனது. உயிரியல் படித்தவனுக்கே உரிய ஆணவத்தில், இந்தச் செல்களுக்கு மயோஸ்டாட்டின் பிடிக்காதோ என்றுகூட ஒரு கோட்பாட்டை எழுதி வைத்திருந்தேன்.

எங்கள் சீனியர் அக்கா ஒருவர், ஐந்தாம் ஆண்டு, நான் புலம்புவதைக் காதில் வாங்கிக்கொண்டே பிப்பெட் டிப் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: "பாசிட்டிவ் கன்ட்ரோல் என்ன போட்ட?"

நிச்சயம் ஒளி தரும் என்று தெரிந்த ஒன்றையும் கூடவே போட்டுப் பார்ப்பதுதான் அது. போடவில்லை. மயோஸ்டாட்டின் மட்டும்தான் போட்டிருந்தேன். அதைச் சொல்லும்போதே காது சூடாகிவிட்டது.

"ஃப்ரீசர்ல என் பெட்டில ஆக்டிவின் இருக்கு. நாளைக்கு அதையும் சேர்த்துப் போடு."

பெட்டியின் மூடியில் 'சூலகம்' என்று மார்க்கரில் எழுதியிருந்தது. உள்ளே சின்னச் சின்ன டியூப்கள், ஒவ்வொன்றிலும் தேதி. ஒன்றை எடுத்துக் கரைத்துப் போட்டேன். மறுநாள் பிளேட்டில் ஆக்டிவின் வரிசை பளிச்சென்று ஏறியது. பக்கத்திலேயே மயோஸ்டாட்டின் வரிசை தரையில் கிடந்தது. அப்போது செல்லும் சரி, வளையமும் சரி, இயந்திரமும் சரி. தப்பு மயோஸ்டாட்டின் டியூபில்.

"எதுல கரைச்ச?" என்றார் அக்கா.

"பிபிஎஸ்ல, அக்கா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மயோஸ்டாட்டின் வந்த பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அடியில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. நான் பிரிக்கவே இல்லை. 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைக்கவும் என்று அதில் அச்சடித்திருந்தது.

இந்தக் குடும்பத்துப் புரதங்கள் நடுநிலை நீரில் சரியாகக் கரையாது, கண்டதில் ஒட்டும். டியூபில் இருப்பது 10 மைக்ரோகிராம், வெளிச்சத்தில் பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். அதை பிபிஎஸ் என்ற அமிலமில்லாத உப்புநீரில் விட்டு, பிறகு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் அளவுக்கு நீர்த்தால், கிட்டத்தட்ட எல்லாம் பிளாஸ்டிக் சுவரோடு போய்விடும். கூடவே ஆல்புமின் என்ற புரதம் கொஞ்சம் சேர்த்தால், சுவரை ஆல்புமின் பிடித்துக்கொண்டு மயோஸ்டாட்டினை விட்டுவிடும். வெறும் 0.1 சதவீதம் போதும். இத்தனை வாரமும் நான் செல்களுக்கு ஊற்றியது கிட்டத்தட்ட வெறும் நீர். மயோஸ்டாட்டின் முழுக்க டியூபின் உள்சுவரில் பூசிக்கிடந்தது.

புதிய டியூப் வாங்க அனுமதிக் கடிதம் எழுதினேன். அதில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதினேன் என்பதை இங்கே விட்டுவிடுகிறேன்.

அடுத்து சீரம். ஒளி வந்தது, ஆனால் எதுவும் ஊற்றாத வெல்களும் ஒளிர்ந்தன. செல்கள் வளரும் மீடியத்தில் 10 சதவீதம் கன்றின் சீரம், அதாவது இரத்தத்தின் தெளிநீர், இருந்தது. இரத்தத்தில் இந்தக் குடும்பமே நடமாடுகிறது என்பதைப் படித்திருக்கிறேன், ஆனால் என் பிளேட்டுக்குள் நானே அதை ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைக்கவில்லை. காரணி ஊற்றுவதற்கு முன் சீரத்தை எடுத்துவிட்டேன். ஓரத்து வெல்கள் சீக்கிரம் ஆவியாகி எண்ணைக் குலைத்ததால் அந்த 36 வெல்லிலும் தண்ணீர் நிரப்பி, நடுவில் உள்ள 60-ஐ மட்டும் வைத்துக்கொண்டேன். இதெல்லாம் ஒரு வாரத்தில் முடிந்த வேலை.

உண்மையான சிக்கல் தசைச் செல்லில் வந்தது. சி2சி12 என்பது எலியின் தசையிலிருந்து வந்த செல் வரிசை. நெருக்கமாக வளரவிட்டு, குதிரைச் சீரம் 2 சதவீதத்துக்கு மாற்றினால் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து நீளமான குழல்களாகும். மயோடியூப் என்போம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒரே திசையில் சாய்ந்த நெல்தாள் போல இருக்கும். சில நேரம் தானாகத் துடிக்கும். முதல் முறை அதைப் பார்த்தபோது பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மீடியம் மாற்றிய மறுநாளே மயோஸ்டாட்டின் ஊற்றினேன். நான்கு நாளில் குழல்கள் மெலிந்து, அரைகுறையாகக் கிடந்தன. படங்களை அழகாக ஒட்டி கைடிடம் கொண்டுபோனேன். வெகுநேரம் பார்த்தார்.

"மெலிஞ்சதா, வளரவே இல்லையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மயோஸ்டாட்டின் வளரும் செல்களை இணையவிடாமல் தடுக்கும், அது ஒரு வேலை. வளர்ந்து முடிந்த தசையைக் கரைப்பது வேறு வேலை. நோயாளியின் உடலில் நடப்பது இரண்டாவது. நான் காட்டியது முதலாவதாகவும் இருக்கலாம். குள்ளமானவரைக் காட்டி இவர் கூனிப்போனார் என்று சொன்னது போலத்தான்.

மறுபடியும் முதலிலிருந்து. இப்போது ஐந்தாம் நாள் வரை காத்திருந்தேன். குழல்கள் தடிமனாகிய பிறகுதான் மயோஸ்டாட்டினும் ஆக்டிவினும் ஊற்றினேன், 48 மணி நேரம் கழித்துப் படம் எடுத்தேன். ஒவ்வொரு குழலின் குறுக்களவையும் மூன்று இடத்தில் அளக்க வேண்டும். இரண்டு நாள் அளந்த பிறகு ஒரு சங்கடமான விஷயம் புரிந்தது: காரணி ஊற்றிய படம் என்று தெரிந்தால் என் கண் மெலிந்த குழலையே தேடிப்போகிறது. அக்காவிடம் சொன்னேன். அவர் எல்லா கோப்புகளின் பெயரையும் வெறும் எண்களாக மாற்றிக் கொடுத்தார், பட்டியலைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். மறுபடி அளந்தேன். பட்டியலைப் பிரித்தபோது வித்தியாசம் இருந்தது, முன்பு நான் அளந்ததைவிடச் சின்னதாக. ஆனால் இருந்தது. உள்ளே ஏ.கே.டி. புரதத்தில் பாஸ்பேட்டும் குறைந்திருந்தது. தசையைக் கட்டச் சொல்லும் பாதை அது. ஸ்மாட் ஓங்கினால் அது தணிகிறது.

கடைசியாக ஃபாலிஸ்டாட்டின். இதுவும் சூலகத்து நீரில் 1987-ல் கண்டெடுத்ததுதான். எஃப்.எஸ்.ஹெச்-ஐ அடக்கும் பொருள் என்று பெயர் வைத்தார்கள். அது எப்படி அடக்குகிறது என்றால், ஆக்டிவினைக் கட்டிப்பிடித்து விடாமல் வைத்துக்கொள்கிறது. மயோஸ்டாட்டினையும் அப்படியே. ஆக்டிவினோடு ஃபாலிஸ்டாட்டினையும் சேர்த்து ஊற்றிய வெல்லில் குழல்கள் மெலியவில்லை. சூலக ஆய்வகத்தில் ஏன் தசை என்ற கேள்விக்கு என்னிடமே இப்போது ஒரு படம் இருந்தது.

ஃபாலிஸ்டாட்டின் மாதிரி ஒரு பொறியை மருந்தாக்கும் முயற்சி நெடுநாளாக நடக்கிறது. ஏற்பியின் வெளிப்பாகத்தை மட்டும் செய்து இரத்தத்தில் விட்டால், காரணிகள் அதில் மாட்டிக்கொள்ளும். 2010-ல் அப்படி ஒரு பொறி புற்றுநோய் எலிகளின் மெலிவை நிறுத்தியது. கட்டி குறையாமலே எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. மனிதரில் ஏ.சி.இ.-031 என்ற பொறியை டுஷேன் தசைநோய்ச் சிறுவர்களுக்குக் கொடுத்தபோது மூக்கில் இரத்தம் வந்தது, தோலில் இரத்தக்குழாய்கள் விரிந்தன. 2011-ல் நிறுத்தினார்கள். இரத்தக்குழாய்க்கு வேண்டிய பி.எம்.பி.9-ஐயும் பொறி பிடித்ததே காரணம் என்பது பரவலான கருத்து. இன்னொரு பொறியான சோட்டாட்டர்செப்ட் 2024-ல் நுரையீரல் தமனி உயர் அழுத்தத்துக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் மருந்துக் குறிப்பில், ஆண் பெண் இருவருக்கும் கருவுறும் திறன் குறையலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. ஆக்டிவினைப் பிடித்தால் எஃப்.எஸ்.ஹெச். கேட்காமலா இருக்கும்?

கடைசிப் பிளேட்டை அளந்து முடித்த நாளில் அக்காவின் பெட்டியை ஃப்ரீசரில் திருப்பி வைத்தேன். வைக்கும் முன் மார்க்கரை எடுத்து, 'சூலகம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'தசை' என்று எழுதினேன். நான் புதிதாகப் பிரித்து வைத்த டியூப்களும் அதில் இருந்தன, அமிலத்தில், ஆல்புமினோடு.

அக்கா மூடியைப் பார்த்தார், திறந்து உள்ளேயும் பார்த்தார்.

"தேதி போடலையே" என்றார்.