அதிகாரியின் அறைக்கு வெளியே ஒரு மேசை

ஓர் அதிகாரியின் அறைக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்தே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவர்கள், திரையில் தங்கள் வேலையைப் பார்ப்பது அரிது. கதைகளில் எழுத்தர் என்பவர் கோப்பை நீட்டிவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொள்பவர். பல சமயங்களில் அவருக்குப் பெயர்கூட இருக்காது. அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1972 முதல் 1983 வரை ஒளிபரப்பான ‘மாஷ்’ என்ற நகைச்சுவைத் தொடரில் வரும் ரேடார் ஓரைலி இதற்கு விலக்கு. மருத்துவமனை ஒன்றின் நிர்வாகப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து, பிறகு கண்காணிப்பாளருக்கு நேர்முக உதவியாளராக நெடுங்காலம் இருந்தவன் நான். எங்கள் வேலை என்னவென்பதை அந்தப் பாத்திரத்தைப் போல் உள்ளபடி காட்டிய வேறொன்றை நான் கண்டதில்லை.

தொடரின் களம், 1950 ஜூனில் தொடங்கி 1953 ஜூலையில் ஓய்ந்த கொரியப் போர். போர்முனைக்குச் சற்றுப் பின்னால் கூடாரங்களில் இயங்கிய அமெரிக்க ராணுவத்தின் நடமாடும் அறுவை மருத்துவமனைகளுள் ஒன்றாக, 4077 என்ற எண்ணுடன் ஒரு கற்பனை முகாமை அமைத்திருந்தார்கள். கதையின் நடுநாயகம் ஹாக்-ஐ பியர்ஸ் என்ற அறுவை மருத்துவர். அவரைச் சுற்றி மற்ற மருத்துவர்களும் செவிலியர்களும் ஒரு பாதிரியாரும் உண்டு. கார்ப்பொரல் வால்டர் ஓரைலி அந்த முகாமின் எழுத்தர். அயோவா மாநிலத்தின் ஒட்டும்வா என்ற ஊரிலிருந்து வந்த பண்ணை வீட்டுப் பையன். வட்டக் கண்ணாடியும் பின்னல் தொப்பியும் அணிந்து, திராட்சைச் சுவையுள்ள நேஹி சோடாவை விரும்பிக் குடித்து, முயல் போன்ற சிறு பிராணிகளை வளர்த்து, இரவில் கரடி பொம்மையை அணைத்துக்கொண்டு தூங்குபவன்.

தளபதியின் அறைக்கும் ரேடாரின் இடத்துக்கும் நடுவே, தள்ளினால் இருபக்கமும் திறந்து மூடும் கதவுகள் மட்டுமே. அவனுடைய மேசையும் தொலைபேசியும் கோப்புகளும் கட்டிலும் எல்லாமே அந்தச் சிறிய இடத்தில்தான். கர்னல் ஹென்றி பிளேக் “ரேடார்” என்று வாயெடுக்கும் முன்பே அவன் உள்ளே வந்து நிற்பான். கர்னல் ஓர் உத்தரவைச் சொல்லத் தொடங்கும்போது, அது ஏற்கெனவே நிறைவேறிவிட்டது என்று இவன் பக்கத்தில் நின்று அதே நேரத்தில் சொல்லிக்கொண்டிருப்பான். இருவர் குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் பிளேக் குழம்பி நிற்பதைப் பார்த்துச் சிரிக்காதவர் இருக்க முடியாது. காயம்பட்டவர்களைச் சுமந்துவரும் ஹெலிகாப்டரின் ஓசையை முகாமில் வேறெவர் காதிலும் விழும் முன்பே கேட்டுவிடுவதால்தான் அவனுக்கு ரேடார் என்ற பெயர்.

இதை ஏதோ அமானுஷ்ய சக்தி என்று பார்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஹெலிகாப்டர் விஷயத்தை வேண்டுமானால் கதைக்காகச் சேர்த்த மிகை என்று விட்டுவிடலாம். மற்றதெல்லாம் ஒரு நல்ல எழுத்தர் நாள்தோறும் செய்வதுதான். நான் பணியில் சேர்ந்தபோது எங்கள் பிரிவின் தலைமை எழுத்தராக ஓர் அம்மையார் இருந்தார். கண்காணிப்பாளர் காலையில் தம் பையை மேசைமீது வைக்கும் சத்தத்தைக் கேட்டே, அன்று முதலில் எந்தக் கோப்பை அனுப்பலாம், எதை மதியத்துக்குமேல் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிடுவார். பை மெதுவாக இறங்கினால் விடுப்பு விண்ணப்பங்களும் வாழ்த்துக் கடிதங்களும் போகும். தொப்பென்று விழுந்தால் அவசரக் கோப்பு ஒன்றே ஒன்று மட்டும் உள்ளே போகும். மற்றவை அவருடைய மேசையிலேயே காத்திருக்கும்.

அவர் கோப்பை ஆயத்தம் செய்யும் விதத்தை அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கையொப்பம் இட வேண்டிய பக்கத்தில் சிறிய தாள்துண்டைச் செருகி, அதன் நுனி மட்டும் வெளியே தெரியும்படி விடுவார். அந்த விஷயத்தில் இதற்குமுன் பிறப்பித்த உத்தரவு, அதிகாரி கேட்பதற்கு முன்பே அதே கோப்பில் கொடியிடப்பட்டிருக்கும். அதிகாரி என்ன கேள்வி கேட்பார் என்று யோசித்து, அதற்கான பதிலைப் பென்சிலால் குறிப்புத்தாளின் ஓரத்தில் எழுதிவைப்பார். கேள்வி வராவிட்டால் கோப்பு திரும்பியதும் அழித்துவிடுவார். “அவர் கேட்ட பிறகு தேடப் போனால் அது பாதி வேலைதான் தம்பி” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். ரேடாரின் கையில் எப்போதும் இருக்கும் தாள் அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பென்சில் குறிப்புகள்தான் எனக்கு நினைவுக்கு வரும். மற்றவர் அடுத்து என்ன கேட்பார் என்பது, அவரைக் கவனித்துக்கொண்டே இருப்பவருக்குத் தானாகத் தெரிந்துவிடுகிறது. கவனிப்பதை ஒரு வேலையாக எந்தப் பணிப்பட்டியலிலும் எழுதுவதில்லை என்பதால்தான் அது மந்திரம் போல் தோன்றுகிறது.

பதவியில் கடைசியில் இருப்பவனின் கையில் எவ்வளவு அதிகாரம் வந்து சேர்கிறது என்பதையும் தொடர் மறைக்கவில்லை. மருந்து வேண்டுமா, உதிரிப்பாகம் வேண்டுமா, விடுப்புச் சீட்டு வேண்டுமா, எல்லாவற்றுக்கும் ரேடாரின் தொலைபேசிதான் வழி. மறுமுனையில் ஸ்பார்க்கி என்ற தொலைபேசி இணைப்பாளர். அவரைப் பிடித்தால் எந்த முகாமின் எழுத்தரையும் பிடித்துவிடலாம். இவர்களிடம் எது மிச்சம், அவர்களுக்கு எது தேவை என்று பேசிப் பண்டமாற்றுச் செய்தே முகாமின் பாதித் தேவைகள் நிறைவேறும். அதிகாரிகள் படிநிலை வழியாகக் கேட்டுக் கிடைக்காதது, எழுத்தர்களுக்குள் பேசிக்கொண்டால் கிடைத்துவிடும். பெரிய நிறுவனம் எதில் வேலை செய்தவரும் இதை உடனே ஒப்புக்கொள்வார். துறைகளுக்கிடையே கடிதப் போக்குவரத்தாகவே முடங்கிக் கிடந்த கோப்புகள், இரண்டு எழுத்தர்கள் உணவு இடைவேளையில் பேசிக்கொண்டதில் நகர்ந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆனால் ஓரிடத்தில் எனக்குத் தொடருடன் உடன்பாடில்லை. படிக்காமலே கையொப்பமிடும் பிளேக்கும், தேவைப்பட்டால் அந்தக் கையொப்பத்தையே போட்டுவிடும் ரேடாரும் திரையில் சிரிக்க வைக்கிறார்கள்; அவன் ஒரு ஜீப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து அஞ்சலில் ஊருக்கு அனுப்புவதும் அந்த வகைச் சிரிப்புதான். உண்மையான அலுவலகத்தில் இந்த நம்பிக்கை இருவரையும் கெடுக்கும். எங்கள் தலைமை எழுத்தர், அதிகாரி அவசரத்தில் பேனாவை எடுத்தாலும், சுருக்கக் குறிப்பின்மேல் விரலை வைத்து அதைப் படிக்கும்வரை விரலை எடுக்கமாட்டார். எழுத்தருக்கு அதிகாரி தரும் நம்பிக்கையைக் காப்பாற்றும் வழி, அதிகாரியைப் படிக்க வைப்பதுதான் என்பதில் இன்றும் நான் உறுதியாக இருக்கிறேன்.

1975 மார்ச் 18 அன்று ஒளிபரப்பான பகுதியில் பிளேக் பணி முடிந்து ஊர் திரும்புகிறார். கடைசிக் காட்சி அறுவை அரங்கில். முகக்கவசம்கூட அணியாமல் ரேடார் உள்ளே வருகிறான். மருத்துவர் ஒருவர் அதற்காகக் கடிந்துகொள்கிறார். கையிலுள்ள தாளில் வந்த செய்தியை அவன் படிக்கிறான். பிளேக் சென்ற விமானம் ஜப்பான் கடலுக்குமேல் சுட்டு வீழ்த்தப்பட்டது, எவரும் பிழைக்கவில்லை. அந்தக் காட்சிக்கான பக்கத்தைக் கடைசிவரை பெரும்பாலான நடிகர்களுக்குக் காட்டாமல் வைத்திருந்தார்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. என்னைப் பாதித்தது வேறொன்று. அந்தச் செய்தியைச் சொல்லும் கடமை ரேடாருக்கு வந்தது, செய்தி வந்து சேரும் மேசை அவனுடையது என்பதால்தான். பிளேக் அவனுக்குத் தந்தையைப் போன்றவர். ஆனாலும் முதலில் படிப்பவன் அவன்தான், படித்துவிட்டுப் பிறருக்குச் சொல்ல வேண்டியவனும் அவன்தான். மருத்துவமனை நிர்வாகத்தில் எங்கள் மேசைக்கும் இப்படிப்பட்ட தாள்கள் வரும். உடன் வேலை செய்தவரின் பெயர் தாங்கிய தாளைப் படித்து, எழுந்து நின்று, கதவைத் தட்டுவதற்கு முன் ஒரு மூச்சு எடுத்துக்கொள்ளும் அந்த நொடியை நான் அறிவேன்.

ரேடாராக நடித்த கேரி பர்கோஃப், 1970-இல் வந்த ‘மாஷ்’ திரைப்படத்திலும் அதே பாத்திரத்தை ஏற்றவர். படத்தின் முக்கிய நடிகர்களுள் தொடருக்கும் வந்தவர் அவர் ஒருவரே. பிறவியிலேயே அவருடைய இடது கையின் விரல்கள் சில குட்டையானவை. அதனால் தாள் அட்டைக்கோ வேறு பொருளுக்கோ பின்னால் அந்தக் கையை மறைத்தபடியே பெரும்பாலும் நடித்தார். துணை நடிகருக்கான எம்மி விருது 1977-இல் அவருக்குக் கிடைத்தது. தொடக்க ஆண்டுகளில் ரேடார் சுருட்டும் மதுவும் தொடுகிற, கொஞ்சம் தந்திரமான ஆள். போகப் போக அவனை வெகுளிச் சிறுவனாக மாற்றிவிட்டார்கள். பார்வையாளர்கள் பின்னவனைத்தான் அதிகம் நேசித்தார்கள். எனக்கு முன்னவனே உண்மையானவனாகப் படுகிறான். அத்தனை பேரிடமும் பேசி வேலையை முடிக்கும் எழுத்தருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லாமல் முடியாது.

அவனை எல்லோரும் பட்டப்பெயரால் அழைப்பதில் ஒரு வலி இருக்கிறது. தன்னை இயேசு கிறிஸ்து என்று நம்பும் மனநிலையில் இருக்கும், விமானத்திலிருந்து குண்டு வீசும் பணியிலிருந்த அதிகாரி ஒருவர் ரேடாரை ஆசீர்வதிக்கும்போது, “நான் வால்டர்” என்று அவன் தாழ்ந்த குரலில் திருத்துகிறான். எல்லோரும் பயன்படுத்துகிற ஒருவனை எவரும் பார்ப்பதில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதில்லை.

பர்கோஃப் தொடரைவிட்டு விலகியபோது, 1979 அக்டோபரில் இரண்டு பகுதிகளாக ரேடாரின் விடைபெறுதலை எழுதினார்கள். ஒப்படைப்பு என்பது என்ன என்று எந்த நிர்வாகப் பயிற்சி வகுப்பிலும் இவ்வளவு நன்றாக எவரும் சொல்லித் தந்ததில்லை. ரேடார் விடுப்பு முடிந்து டோக்கியோவிலிருந்து திரும்பும்போது, முகாமின் மின்னாக்கி பழுதாகி இருட்டில் அறுவை சிகிச்சை நடக்கிறது; அவனுக்குப் பதிலாக மேசையில் இருந்த சக வீரர் கிளிங்கரால் சமாளிக்க முடியவில்லை. அதே வேளையில் ரேடாரின் மாமா எட் இறந்துவிட்ட செய்தி வர, பண்ணையைக் கவனிக்க ஆளில்லை என்ற காரணத்தால் பிளேக்குக்குப் பின் தளபதியாக வந்த கர்னல் பாட்டர் அவனுக்குப் படையிலிருந்து விடுவிப்பு வாங்கித் தருகிறார். தான் இல்லாமல் இந்த இடம் நின்றுவிடும் என்று அவன் போகத் தயங்குகிறான். அந்த நம்பிக்கை அன்பிலிருந்து வருவது, ஆனால் அவனைக் கட்டிப்போடுவதும் அதுதான். கடைசியில் கிளிங்கர் தம் வழியில் ஒரு மின்னாக்கியைக் கொண்டுவந்து சேர்த்த பிறகே அவனுக்குக் கிளம்பும் மனம் வருகிறது.

அதற்கு அடுத்த வாரப் பகுதியைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். கிளிங்கர் எழுத்தராகத் தடுமாறுகிறார். எதற்கெடுத்தாலும் ரேடார் இருந்திருந்தால் என்ற பேச்சு வருகிறது. ரேடாரும் தொடக்கத்தில் தடுமாறியவன்தான் என்று பாதிரியார் மல்கஹி பாட்டருக்கு நினைவூட்டுகிறார். தலைமை எழுத்தர் ஓய்வு பெற்ற பிறகு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். அவர் இருந்தபோது இப்படி இல்லையே என்ற சொல் என் காதில் விழாத வாரம் இருந்ததில்லை. அவரைப் போல் ஆக வேண்டும் என்ற முயற்சியைக் கைவிட்டு, எனக்குப் பிடிபட்ட முறையில் கோப்புகளை அடுக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பேச்சு ஓய்ந்தது.

என் முறை வந்தபோது, அடுத்து வந்த பெண்ணிடம் சாவிகளையும் பதிவேடுகளையும் கையொப்பம் வாங்கி ஒப்படைத்ததோடு நிறுத்திக்கொள்ளவில்லை. எந்தத் துறையில் எவரிடம் எந்த நேரத்தில் பேசினால் வேலை நடக்கும், எந்தக் கடிதத்துக்கு நினைவூட்டல் தேவை, எதற்குத் தேவையில்லை, எந்த மருத்துவர் விடுப்பைக் கடைசி நாளில் கேட்பார் என்று, எந்தக் கோப்பிலும் இல்லாதவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி அவரிடம் கொடுத்தேன். கண்காணிப்பாளரிடம் தனியாகப் போய், முதல் சில மாதங்கள் என் பெயரை அந்த அறையில் எடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அவர் அதை ஒப்புக்கொண்டார்.