சுளகு அளவு இடம்

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் முறத்தைச் சுளகு என்றுதான் சொல்வோம். சென்னைக்கு வந்த புதிதில் இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அறைத்தோழிகளின் சிரிப்பில் மாட்டியிருக்கிறேன். அதனால் புறநானூற்றின் 249-ஆம் பாட்டில் அதே சுளகைப் பார்த்தபோது முதலில் வந்தது ஓர் அற்பப் பெருமை. அப்புறம்தான் பாட்டு உறைத்தது.

பாட்டு மீனில் தொடங்குகிறது. சேற்றுக்குள் ஒளியும் ஆரல், நீர்மேல் பிறழும் வாளை, பனங்குருத்து மாதிரி சினை முற்றிய வரால், வேல் மாதிரி கயல். தடாரிப் பறை போல ஆமை வேறு. அவ்வளவு செழிப்பான நாட்டுத் தலைவன், நேற்றுவரை பலரோடு சேர்ந்து உண்டவன், இன்றைக்கு இல்லை. அவன் மனைவி சுளகு அளவுக்குச் சின்ன இடத்தை ஒதுக்கிச் சாணத்தால் மெழுகுகிறாள். தண்ணீர் தேவைப்படவில்லை. ‘மெழுகும் ஆப்பி கண்கலுழ் நீரானே’ என்று முடிகிறது. ஆப்பி என்றால் சாணம்தான்.

234-ஆம் பாட்டிலும் இதே வேலை. வேள் எவ்வி என்ற குறுநிலத் தலைவன் இறந்துபோக, அவன் காதலி பெண்யானையின் கால்தடம் அளவுக்கு இடத்தை மெழுகி, புல்லைப் பரப்பிப் பிண்டம் வைக்கிறாள். பாடிய வெள்ளெருக்கிலையாருக்கு ஒரே கேள்வி: ஊரே உள்ளே வரும்படி வாசலைத் திறந்துவைத்துப் பலரோடு உண்டு பழகியவன், இந்தச் சின்னப் பிண்டத்தை எப்படித் தின்றிருப்பான்? எனக்கு இந்த இரண்டில் சுளகுப் பாட்டுத்தான் ஒரு படி மேல். யானைக்கால்தடம் கவிஞரின் கண்ணுக்குத் தெரிந்த அளவு. சுளகு அவள் கையில் தினமும் கிடந்த அளவு.

தாத்தாவின் 16-ஆம் நாள், ஆச்சி புறவாசலில் இலை போட இடம் துடைத்தாள். சிமெண்டுத் தரை, சாணத்துக்கு வேலையில்லை. ஈரத்துணியால் அதே ஒரு சாண் இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“எம்மா, போதும், எந்திரி,” என்றார் மாமா.

“ஓரத்துல அழுக்கு இருக்குல.”

அழுக்கு ஒன்றும் இல்லை. மாமாவும் அதற்குமேல் பேசவில்லை. சோறு, அவியல், தாத்தாவுக்குப் பிடித்த சுண்டவத்தல் குழம்பு எல்லாம் வந்தன.

363-ஆம் பாட்டில் சுடுகாட்டுப் பலிச்சோறு வருகிறது. கள்ளியும் முள்ளும் மண்டிய இடத்தில், நிலமே கலமாக, உப்பில்லாத சோறு. மண்ணாண்ட மன்னர்களுக்கும் கடைசியில் அதுதான் என்கிறது பாட்டு. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இலைதான் ஞாபகம் வரும். ரத்தக்கொதிப்பு என்று 10 வருஷமாகத் தாத்தாவுக்கு உப்பைக் குறைத்துக் குறைத்துப் போட்டவள் ஆச்சி. அதற்காக அவர் போட்ட சண்டைகள் தெருவுக்கே தெரியும். அன்றைக்கு இலையோரத்தில் கல்லுப்பை ஒரு கை அள்ளி வைத்தாள்.