சாக்ஸின் கடைசி இழுப்பு

இன்று காலை என் மகள் தன் இடது கால் சாக்ஸை முழுதாகத் தானே போட்டுக்கொண்டாள். யாரும் கை வைக்கவில்லை. குதிகால் இருக்க வேண்டிய இடம் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி இருந்தது, பரவாயில்லை. அவளுக்கு நான்கரை வயது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் நான் தரையில் உட்கார்ந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளே போய் மனைவியைக் கூட்டி வந்து காட்டினேன், அவளும் உட்கார்ந்துவிட்டாள். இதை எங்காவது எழுதி வைக்காமல் இன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது.

மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். எல்லோருக்கும் 46 குரோமோசோம்கள் என்றால் அவளுக்கு 47, இருபத்தொன்றாம் எண்ணில் இரண்டுக்குப் பதில் மூன்று. பிறந்த சில நாட்களில் வந்த ரிப்போர்ட்டில் குரோமோசோம்களை ஜோடி ஜோடியாக அடுக்கிய ஒரு படம் இருந்தது, அதையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஏதோ தப்பாக எண்ணிவிட்டார்கள் என்பதுபோல. அதற்கப்புறம் வந்த மாதங்கள், இதய அறுவை சிகிச்சை (டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் ஏதாவது குறை இருக்கும்), அதையெல்லாம் இன்றைக்கு எழுதப் போவதில்லை. இன்றைக்கு சாக்ஸ்தான்.

சாக்ஸ் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், அவளுக்கு அது தினமும் தேவை. இந்தக் குழந்தைகளுக்குத் தசைகளில் இறுக்கம் குறைவு, மூட்டுகளைப் பிடித்து வைக்கும் தசைநார்களும் தளர்வு. நின்றால் என் மகளின் பாதம் உள்பக்கமாகச் சாயும். அதனால் கணுக்காலைப் பிடித்து நிறுத்த, காலின் அளவெடுத்துச் செய்த ஒரு பிளாஸ்டிக் பட்டை போடுகிறோம். அது தோலில் நேரடியாகப் பட்டால் உரசிப் புண்ணாகிவிடும், ஆகவே உள்ளே நீளமான சாக்ஸ், அதுவும் சுருக்கம் இல்லாமல். அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் 27 மாதத்தில் முதல் நான்கு அடி நடந்தாள்.

போன வருடம் அவளுடைய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (உடுத்துவது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குபவர்) ஒரு வழி சொன்னார். எதையும் பின்னாலிருந்து கற்றுக்கொடுங்கள் என்றார். சாக்ஸைப் போடுவது நமக்கு ஒரே வேலை. பிரித்துப் பார்த்தால் வாயை விரித்துப் பிடிப்பது, விரல்களை உள்ளே விடுவது, குதிகால் வரை இழுப்பது, குதிகாலைத் தாண்டுவது, கடைசியில் மேலே இழுத்துவிடுவது என்று ஐந்து வேலை. முதல் நான்கையும் நீங்கள் செய்யுங்கள், கடைசி இழுப்பை மட்டும் அவளிடம் விடுங்கள். அது கைக்கு வந்த பிறகு அதற்கு முந்தியதையும் சேர்த்துக் கொடுங்கள். அப்படியே பின்னோக்கிப் போங்கள்.

முன்னாலிருந்து சொல்லிக் கொடுத்தால் குழந்தை ஆரம்பித்து, சிக்கி, பாதியில் விட்டுவிட்டு, அப்பா வந்து முடித்து வைப்பார். ஒவ்வொரு நாளும் தோல்வியில் முடியும். பின்னாலிருந்து போனால் முதல் நாளே முடித்தது அவள்தான். இழுத்துவிட்டாள், முடிந்தது, கை தட்டல். இதைக் கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, வீட்டுக்கு வரும் வழி முழுக்க மனைவியிடம் அதையே பேசிக்கொண்டு வந்தேன்.

கணுக்காலிலிருந்து மேலே இழுப்பது ஒன்பது நாளில் வந்துவிட்டது. குதிகால்தான் மாதக்கணக்கில் எடுத்தது. குதிகாலைத் தாண்ட வேண்டுமென்றால் இரண்டு கட்டைவிரலையும் உள்ளே விட்டு, வெளிப்பக்கம் கொஞ்சம் தள்ளி, அப்புறம் மேலே இழுக்க வேண்டும், நீங்கள் இப்போதே போட்டுப் பாருங்கள், உங்கள் கட்டைவிரல் அதைத்தான் செய்யும். அவள் கட்டைவிரலுக்கு அந்த பலம் இல்லை. பலம் வருவதற்காக மாவு பிசைவது போன்ற விளையாட்டுகள், துணி கிளிப்பை அழுத்தித் திறப்பது, தினமும் பத்து நிமிடம். ஒரு நாள் சாயங்காலம் சாக்ஸ் குதிகாலைத் தாண்டி ‘டப்’ என்று விழுந்தது, அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்கு அதை எழுதத் தெரியவில்லை.

என் மூத்தவனுக்கு எட்டு வயது. அவன் எப்போது சாக்ஸ் போடக் கற்றுக்கொண்டான் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகமே இல்லை. ஒரு நாள் போட்டுக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். எப்போது முதல் படி ஏறினான், எப்போது ஸ்ட்ராவில் உறிஞ்சினான், ஒன்றும் தெரியாது. சின்னவள் ஸ்ட்ராவில் உறிஞ்சிய நாள் எனக்குத் தேதியோடு தெரியும், ஏனென்றால் உதட்டைக் குவித்து இறுக்கிப் பிடிக்கவே அவளுக்கு ஆறு வாரம் ஆனது, தண்ணீர் வாய்க்குள் வந்ததும் பயந்து துப்பிவிட்டாள், அப்புறம் சிரித்தாள், அப்புறம் டம்ளர் காலியாகும்வரை விடவில்லை. மூத்தவன் வளர்ந்ததை நான் கவனிக்கவில்லையே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது. இப்போதெல்லாம் அவன் ஷூ லேஸ் கட்டும்போதும் நின்று பார்க்கிறேன்.

வேறு சந்தோஷங்களும் இருக்கின்றன. தசை இறுக்கம் குறைவு என்று சொன்னேன் இல்லையா, அதனாலேயே அவளைத் தூக்கினால் உடம்பு முழுக்க நம் மேல் படிந்துவிடும், கன்னம் கழுத்தில், வயிறு நெஞ்சில், இடைவெளியே இருக்காது. தூங்கும்போது உட்கார்ந்தபடியே முன்னால் மடிந்து, இரண்டு காலுக்கும் நடுவில் முகத்தை வைத்துத் தூங்குவாள். முதலில் பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள். அவளுக்கு அது சுகம்.

பேச்சு மெதுவாகத்தான் வருகிறது. புரிதல் பேச்சுக்கு வெகுதூரம் முன்னால் போய்விட்டது, வாய்தான் பின்னால் வருகிறது. நடுச்செவியில் அடிக்கடி நீர் கட்டிக்கொள்வதால் காது கேட்பதையும் விடாமல் சோதிக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஒன்றரை வயதிலிருந்தே சைகை சொல்லிக் கொடுத்தோம். சைகை பழகினால் பேச்சே வராது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். எங்கள் வீட்டில் நடந்தது நேர் எதிர்: சைகை வந்த வார்த்தைகள்தான் முதலில் வாயிலும் வந்தன. அவளுடைய முதல் சைகை, இரண்டு கை விரல்களையும் குவித்து ஒன்றோடொன்று தட்டுவது. ‘இன்னும்’. ஊஞ்சல் நின்றால் இன்னும், பாட்டு முடிந்தால் இன்னும், ஒரு நாள் நான் தும்மியதற்கும் இன்னும்.

கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அவள் கேட்டு, யோசித்து, வார்த்தையைத் தேடி எடுக்க நேரம் எடுக்கும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள் என்று சொல்லியிருந்தார்கள், இடையில் கேள்வியைத் திரும்பக் கேட்டால் அவள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிடும். போன வாரம் ஜன்னலருகே நின்று “நிலா எங்கேடா கண்ணு?” என்று கேட்டேன். பதில் இல்லை. எண்ணினேன், பத்து தாண்டியது. சரி, தூக்கம் வந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பி நடந்தபோது தோளில் சாய்ந்திருந்தவள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, “ப்பா. ஒளிஞ்சு” என்றாள். மேகத்துக்குப் பின்னால் என்று எனக்குப் புரியவே இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

சிலர் இவளைப் பார்த்து ‘பாவம்’ என்கிறார்கள். சிலர் ‘இந்தக் குழந்தைகள் எப்பவும் சந்தோஷமா இருப்பாங்க’ என்கிறார்கள். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. இரண்டாவதைச் சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனாலும் அவள் கோபப்படும்போது, அண்ணனைப் பார்த்துப் பொறாமைப்படும்போது, வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்துவிடும்போது, அந்த உணர்ச்சிகளும் அவளுடையவைதானே. அவளுக்கு எல்லாமே உண்டு. அவள் சிரித்தால் அதற்கு அவளிடம் ஒரு காரணம் இருக்கிறது.

மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் தினம், இருபத்தொன்றாம் குரோமோசோம் மூன்று இருப்பதால் மூன்றாம் மாதத்தின் இருபத்தொன்றாம் தேதி. 2012 முதல் ஐ.நா.வும் அதை அனுசரிக்கிறது. அன்றைக்குப் பல ஊர்களில் ஜோடி சேராத சாக்ஸ் போட்டுக்கொள்வார்கள், குரோமோசோம் பார்ப்பதற்கு சாக்ஸ் மாதிரியே இருக்கிறது என்று. அடுத்த மார்ச்சில் அவள் தனக்குப் பிடித்த இரண்டைத் தானே எடுத்துத் தானே போட்டுக்கொள்வாள் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். வலது காலுக்குத்தான் இன்னும் நான் வாயை விரித்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மூத்தவன் சோபாவில் புத்தகத்தோடு இருந்தான், கால் இரண்டும் கீழே தொங்கின. சின்னவள் அவனுடைய சாக்ஸ் ஒன்றை எங்கிருந்தோ எடுத்து வந்து அவன் காலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நாக்கு ஓரத்தில் நீண்டிருந்தது, கவனமாக வேலை செய்யும்போது அப்படித்தான். வாயை விரித்தாள், விரல்களை உள்ளே விட்டாள், இழுத்தாள், குதிகாலில் சிக்கியது, கட்டைவிரலை உள்ளே விட்டுத் தள்ளித் தாண்ட வைத்தாள். கணுக்காலுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. புத்தகத்தை வைத்துவிட்டுக் குனிந்து, சாக்ஸை மேலே இழுத்துவிட்டான். அவள் கை தட்டினாள். அவன் அடுத்த காலை நீட்டினான்.