செவ்வாய்க்கிழமை கரண்ட் இருக்காது

எங்கள் வீட்டு கேட்டில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. பையன் மூன்றாம் வகுப்பு படித்தபோது வாங்கியது. அவன் இப்போது காலேஜில் இருக்கிறான், பலகை எனக்கு வந்துவிட்டது. மேல் ஓரத்தில் 'பிளவுஸ், சுடிதார் தைத்துத் தரப்படும்' என்று பெயிண்டில் எழுதியிருக்கும். மீதி இடம் சாக்பீஸுக்கு. இன்றைக்கு அதில் இருப்பது இதுதான்:

"செவ்வாய் கரண்ட் இருக்காது. காலை 9 – மாலை 4. திங்கள் ராத்திரியே மேல் டேங்க் ரொப்பிக்கோங்க. கரண்ட் போனதும் அயர்ன் பாக்ஸ், மிக்ஸி பிளக்கைப் பிடுங்கிடுங்க. 4 மணிக்கு முன்னாடியே வந்தாலும் வரும்."

தையல்காரிக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். கடைசி வரி எனக்கு ஒரு பட்டு பிளவுஸ் விலைக்குக் கிடைத்த பாடம்.

நாலு வருஷம் முன்பு ஒரு வைகாசி முகூர்த்த சீசன். கல்யாணப் பெண்ணின் பிளவுஸ், மாம்பழ மஞ்சள், கையில் ஆரி வேலை. கடைசியாக அயர்ன் பண்ணிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. பாக்ஸை அப்படியே துணி மேல் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் மாவு அரைத்து விற்கும் மாவு அக்காவிடம் பேசப் போய்விட்டேன். அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று செய்தித்தாளில் வந்ததை நானும் பார்த்திருந்தேன். ஆனால் மேலே போட்டிருந்தது ஏதோ ஒரு துணை மின் நிலையத்தின் பெயர். நம் ஏரியா இல்லை என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். கீழே பொடி எழுத்தில் முப்பது ஊர்ப் பெயர்கள், அதில் இருபத்தி மூன்றாவதாக நாங்கள். போன பிறகு சரி, நாலு மணி வரை வராது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டரைக்கே வந்துவிட்டது. என்னுடையது ஆட்டோமேட்டிக் இல்லாத பழைய கனமான பாக்ஸ். தானாக அணையாது. மாவு அக்காதான் முதலில் மூக்கை உறிஞ்சினார். "அம்மிணி, ஏதோ கருகுற வாசம் வருதே?"

முதுகுப் பக்கம் அயர்ன் பாக்ஸின் அச்சு, தோணி மாதிரி, சுத்தமாக விழுந்திருந்தது. அதே நிறத் துணிக்குக் கோவை டவுன்ஹால் பக்கம் இரண்டு நாள் அலைந்தேன். கிடைத்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து வேறு பிளவுஸ் தைத்தேன். கூலி கேட்க வாய் வரவில்லை.

அதற்கப்புறம் எங்கள் லைன்மேன் அண்ணன் தெருவுக்கு வந்தபோது நேராகவே கேட்டேன்: நாங்க எந்த சப் ஸ்டேஷன்ல வர்றோம், எந்த ஃபீடர்? அவர் சிரித்துவிட்டார். "ஏனுங்கக்கா, பரீட்சை எழுதப் போறீங்களா?" ஆனால் சொன்னார். ஃபீடர் என்றால் துணை மின் நிலையத்திலிருந்து கிளம்பி ஒரு பகுதிக்கு வரும் மின் லைன். ஊர்ப் பெயரும் துணை மின் நிலையத்தின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரே தெருவில் இந்தப் பக்கம் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அந்தப் பக்கம் இன்னொன்று, இரண்டும் வேறு வேறு ஃபீடர் என்பதும் சகஜம். எதிர் வீட்டில் விளக்கு எரிகிறதே, நம் வீட்டில் மட்டும் ஏன் இல்லை என்று நாம் பொருமுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். அன்றிலிருந்து எங்கள் துணை மின் நிலையத்தின் பெயரையும் டிரான்ஸ்ஃபார்மர் பெயரையும் மீட்டர் பெட்டிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். கூடவே இணைப்பு எண். 03 என்று தொடங்கினால் கோவை மண்டலம். புகார் சொல்ல 94987 94987-க்குக் கூப்பிட்டால் முதலில் கேட்பது அதைத்தான். 2021 ஜூனில் மின்னகம் என்று தொடங்கினார்களே, அந்த எண். இருட்டில் பழைய பில்லைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது பாருங்கள்.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. கரண்ட் நிறுத்துவதைச் சொல்லும் எஸ்எம்எஸ் வருவது இணைப்பில் பதிந்த செல்போனுக்கு. எங்கள் வரிசையில் பாதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள். பதிந்திருப்பது ஓனர் நம்பர். ஓனர் பெங்களூரில். பீளமேட்டுச் சந்தில் கரண்ட் தொடர்பாக ஒரு தகவல் வந்தால் அது பெங்களூரில் போய்க் கூவும். இங்கே கிரைண்டரில் அரிசி பாதியில் நிற்கும். பலகை பிறந்தது இப்படித்தான்.

கரண்டை நிறுத்திவிட்டு அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று ஒரு நாள் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தேன். கம்பிக்கு மேல் வளர்ந்த கிளையை வெட்டுவது எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது வேறு. டிரான்ஸ்ஃபார்மர் பக்கவாட்டில் சின்ன பாட்டில் மாதிரி ஒன்று தொங்கும். அதற்குள் குருணை குருணையாக நீல நிறத்தில் இருப்பது சிலிகா ஜெல். உள்ளே இருக்கும் எண்ணெய் சூட்டுக்கு விரிந்து, ஆறினால் சுருங்கும்போது வெளிக்காற்றை இழுக்கும். அந்தக் காற்றில் இருக்கும் ஈரத்தை இந்தக் குருணை குடித்துக்கொள்ளும். குடித்துக் குடித்து நீலம் போய் ரோஸ் நிறமாகிவிட்டால் மாற்ற வேண்டும். அன்றைக்கு வெளியே கொட்டியது வெளுத்துப்போன ரோஸ், உள்ளே போட்டது பளிச்சென்று மயில் கழுத்து நீலம். அதே நீலத்தில் ஒரு லைனிங் துணி என்னிடம் இருந்தது.

கம்பத்தில் ஏறுவதற்கு முன் ஒருவர் போனில் "எல்.சி. வாங்கியாச்சா? எந்த ஃபீடர்? திரும்பச் சொல்லு" என்று இரண்டு தடவை கேட்டார். எல்.சி. என்றால் லைன் கிளியர். லைனில் கரண்ட் இல்லை, வேலை செய்யலாம் என்ற உத்தரவாதம். அது கிடைத்த பிறகும் நேராக ஏறவில்லை. நீளமான எர்த் ராடைக் கம்பியில் மாட்டி, மறுமுனையைத் தரையோடு இணைத்தார்கள். "அதான் ஆஃப் பண்ணியாச்சே அண்ணா?" என்றேன். "அங்க ஆஃப் பண்ணிட்டாங்கக்கா. உங்க தெருவுல எவனாவது ஆன் பண்ணுவான்."

அவர் சொன்னது ஜெனரேட்டரை. வெளிக் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைப்பது சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச். அது இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் நேராகச் சொருகினால், மெயின் ஆஃப் ஆகாமல் இருந்தால், அந்தக் கரண்ட் வெளியே கம்பிக்குப் போகும். தெரு டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை நம் வீட்டு அளவுக்குக் குறைப்பது. கீழிருந்து கொடுத்தால் அதே வேலையைத் தலைகீழாகச் செய்யும். நாம் ஒரு மிக்ஸிக்காக ஓட்டும் ஜெனரேட்டர், மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பவர் கையில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாகப் போய் நிற்கலாம். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. அன்று பலகையில் பெரிய எழுத்தில் எழுதினேன்: "ஜெனரேட்டர் வெச்சிருக்கறவங்க சேஞ்ச் ஓவர் போடாம ஓட்டாதீங்க. கம்பத்துல ஆள் இருக்காங்க." கோடி வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் எலக்ட்ரீஷியன் வந்தார்.

ஆனியில் எங்கள் ஊர்க் காற்று தனி ரகம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து தகரத்தையே தூக்கும். போன வருஷம் அப்படி ஒரு சாயங்காலம், தைத்துக்கொண்டிருக்கிறேன், தலைக்கு மேல் பல்பு திடீரென்று கல்யாண மண்டபம் மாதிரி எரிகிறது. ஃபேன் பறக்கிறது. ஓவர்லாக் மெஷினின் சத்தமே மாறிவிட்டது. ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது, எப்போதும் லோ வோல்டேஜ் பார்த்தவளுக்கு. அப்புறம்தான் லைன்மேன் அண்ணன் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. ஓடிப்போய் மெயினை இறக்கினேன்.

நியூட்ரல் கட். மூன்று பேஸிலும் வீடுகளைப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள், எல்லாருக்கும் பொதுவாகத் திரும்பும் கம்பி நியூட்ரல். கிளை விழுந்து அது ஒன்று மட்டும் அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 பக்கம்கூட ஏறலாம். சில வீட்டில் பல்பு மங்கும், சில வீட்டில் பளிச்சிடும். பளிச்சிட்ட வீட்டில் டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் போகும். மாவு அக்காவின் ஃப்ரிட்ஜ் அன்றுதான் போனது. கிரைண்டர் நல்லவேளையாக ஓடவில்லை. "லைட் நல்லா எரியுதுன்னு தானே கண்ணு நெனச்சேன்" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஷாக் அடித்தால் பட்டென்று விழுமே ஆர்.சி.சி.பி., அந்த 30 மில்லி ஆம்பியர் ஸ்விட்ச், மெஷினுக்காக நானும் போட்டிருக்கிறேன். அது கரண்ட் கசிந்து தரைக்குப் போனால் காப்பாற்றும். இப்படி வோல்டேஜ் ஏறினால் அதைக் கண்டுகொள்ளாது. அதற்காக அது வேண்டாம் என்று இல்லை. அதன் மேல் சின்னதாக ஒரு 'டெஸ்ட்' பட்டன் இருக்கும். மாதம் முதல் தேதி அமுக்கிப் பார்க்கச் சொல்லி பலகையில் எழுதுவேன். அமுக்கினால் விழ வேண்டும். விழவில்லை என்றால் அது சும்மா சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மழைக்காலத்துக்கு ஒரு வரி தனியாக உண்டு: துணி காயப்போடக் கரண்ட் கம்பத்தில், அது சாயாமல் இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பியில் கொடி கட்டாதீர்கள். கட்டுவதென்றால் வீட்டுக்குள் சுவருக்குச் சுவர், அதுவும் நைலான் கயிறு. இரும்புக் கம்பிக் கொடி ஒன்று, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரில் உரசி உரசி உறை தேய்ந்திருந்ததை எங்கள் பின்சந்திலேயே பார்த்தேன். அந்த வீட்டம்மாவுக்கு அடிக்கடி 'சுர்ர்'னு இருந்ததாம். மூட்டு வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். நான் பிறந்தது வடவள்ளிப் பக்கம், சிறுவாணி குடித்து வளர்ந்த நாக்கு. அணை இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில். மலையிலிருந்து தானாக இறங்கி வரும் தண்ணீர். கல்யாணமாகிக் கிழக்கே வந்தால் பில்லூர் அணை. பவானித் தண்ணீர், அதுவும் நல்ல தண்ணீர்தான், சண்டைக்கு வராதீர்கள். ஆனால் இது பம்ப் வைத்து ஏற்றி வருவது. அதனால் எங்கோ மேட்டுப்பாளையம் பக்கம் நீரேற்று நிலையத்தில் மின் பராமரிப்பு என்று ஒரு செய்தி வந்தால், அது எங்கள் தெருவுக்கு நல்ல தண்ணி தள்ளிப்போகும் செய்தி. எங்கள் வீட்டில் கரண்ட் இருக்கும், குழாயில் காற்று வரும். இதைக் கண்டுபிடித்த நாளில் எனக்குப் பெரிய விஞ்ஞானி என்ற நினைப்பு வந்துவிட்டது.

குழாய் உடைப்பைச் சரிசெய்து முதலில் விடும் தண்ணீர் கலங்கலாக வரும். அதைத் தொட்டிக்குள் விடாமல் செடிக்கு விட வேண்டும். குளோரின் வாசம் தூக்கலாக இருந்தால் திறந்த பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் குறைந்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை. குளோரின் வாசமே இல்லாமல் வேறு நாற்றம் அடித்தால்தான் பயப்பட வேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார்: குழாயில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சுவது. அடுத்த வீட்டுத் தண்ணீரைத் திருடுவது என்பது ஒரு பக்கம். இழுக்கிற இழுப்பில் குழாயின் விரிசல் வழியாக வெளியே இருக்கும் சாக்கடையும் உள்ளே வரும். குடிப்பது உறிஞ்சியவரும்தான். இதைப் பலகையில் எழுதியபோது யாரோ ராத்திரியோடு ராத்திரியாக அழித்துவிட்டார்கள். மறுநாள் திரும்ப எழுதினேன். அழித்தார்கள். மூன்றாவது தடவை பெயிண்டில் எழுதிவிட்டேன்.

பலகைக்கு எனக்கென்று ஒரு முறை வந்துவிட்டது. எப்போதிலிருந்து எப்போது வரை, முந்தின ராத்திரி என்ன செய்ய வேண்டும், திரும்ப வரும்போது எதில் கவனம். 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்றெல்லாம் எழுத இடம் கிடையாது. ஒரு சாக்பீஸ் ரொம்ப நாள் வர வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் தூறல். எழுதியிருந்த செவ்வாய்க்கிழமை பாதி கரைந்து கேட்டில் வெள்ளையாக வழிந்திருந்தது. காலையில் திரும்ப எழுதலாம் என்று சாக்பீஸோடு போனேன். மாவு அக்கா எனக்கு முன்னாடியே வந்து, என் பழைய எழுத்தைச் சேலைத் தலைப்பால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நடுவில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்:

"செவ்வாய் மாவு கெடையாது. திங்களே வாங்கிக்கவும்."

நான் மேலே ஓரத்தில் 'கரண்ட் இருக்காது 9 – 4' என்று பொடியாக எழுதிவிட்டு வந்தேன்.