வெள்ளவத்தையில் ஒரு சுவிஸ் அரிவாள்

கொழும்பு வெள்ளவத்தையில் 2 பேர்ச், அதாவது ஏறக்குறைய 540 சதுர அடி, வெறுங்காணி வைத்திருப்பவன் அரை உடையார். எங்கள் குசினிச் சுவருக்கும் பின்மதிலுக்கும் நடுவே அப்படி ஒரு துண்டு கிடக்கிறது. கொரோனாக் காலத்தில் கீரை போடுகிறேன் என்று தொடங்கி மூன்று பாத்தியோடு கைவிட்டேன், அதற்குப் பிறகு நாயுண்ணியும் தொட்டாச்சிணுங்கியும் பக்கத்து வீட்டு மதிலால் எட்டிக் குதித்த போகன்விலாவும் சேர்ந்து அதைப் பங்கு போட்டுக்கொண்டன. பின்கதவைத் திறப்பதையே விட்டுவிட்டோம்.

போன மாதம் டெங்கு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர்தான் அதைத் திறந்தார். கொஞ்ச நேரம் புதரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இதற்குள் சிரட்டை கிடந்தாலும் தெரியாது, யோகட் கோப்பை கிடந்தாலும் தெரியாது, 2 கிழமையில் திரும்ப வருவேன், அதற்குள் வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பகிடியில்லை. நுளம்பு பெருக இடம் கொடுத்தால் வழக்குப் போட 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. 2017-இல் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்ததில் எங்கள் வீட்டுக் கணக்கும் இரண்டு இருக்கிறது.

சுவிஸ் மாமா வந்து நின்ற நேரம் பார்த்து இது நடந்தது. பேர்ண் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றில் 30 வருடம் இருந்தவர், மெஷின் ஏறாத சரிவுகளில் வீட்டுக்காரக் கிழவரோடு சேர்ந்து புல் வெட்டிப் பழகியவர். "ஆளொண்டும் பிடிக்க வேண்டாம்" என்று சூட்கேஸைத் திறந்து, குளிக்கிற துவாய்க்குள் சுற்றிய ஒன்றை எடுத்தார். முக்கால் மீற்றர் நீளத்தில் வளைந்த அலகு. 'சென்ஸ' என்று பெயராம். யாழ்ப்பாணத்து வளவுக்கென்று கொண்டுவந்ததை முதலில் இங்கே பரீட்சித்துப் பார்க்கப் போகிறார்.

பிடி வரவில்லை. ஆளுயரத் தடியில் இரண்டு கைப்பிடி வைத்துத் தரச் சொல்லி ஒழுங்கை முனையில் இருக்கும் தச்சு பாஸிடம் போனோம். அவர் அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மாமாவிடம் ஒன்றும் கேட்காமல், என்னிடம் மெல்ல, "ஐயா சுகமா இருக்கிறாரா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு மாமா என்னை எழுப்பினார். பனி ஈரம் இருக்கும்போது புல் லேசாக அறுபடுமாம். கொழும்பில் அந்த நேரம் ஈரமாக இருந்தது என் முதுகு மட்டும்தான். மாமா சாரத்தை மடித்துக் கட்டி, இடுப்பில் கயிற்றால் ஒரு பால்மாப் பேணியைத் தொங்கவிட்டிருந்தார். அதற்குள் தண்ணீர், தண்ணீருக்குள் சாணைக்கல். ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் நனைந்த கல்லால் அலகைத் தீட்ட வேண்டும், கொத்தக் கூடாது, அலகு நிலத்தோடு கிடக்க இடுப்பைத் திருப்பி வீச வேண்டும், அரைவட்டமாக விழும் என்று பெரிய விளக்கம். எல்லாம் சரி. ஒரு வீச்சுக்குக் குறைந்தது 2 மீற்றராவது வேண்டுமே? மாமா நிற்க இருந்ததே ஒரு மீற்றர். முதல் வீச்சில் அலகு துணிக்கொடியை அறுத்தது, தடியின் மறுமுனை குசினி ஜன்னலைத் தட்டியது. உள்ளேயிருந்து அம்மம்மா "ஆரது?" என்றார்.

அதற்குள் சுற்றியிருக்கும் ஃப்ளாட் பல்கனிகள் எல்லாம் நிரம்பிவிட்டன. சூன் பாண் ஓட்டோ பாட்டோடு வந்து, பாணை விற்காமல் நின்றது. இரண்டாம் மாடிச் சின்னப்பெண் கார்ட்டூனில் பார்த்திருக்கிறாள் போல, "அங்கிள், அது செத்தவையைக் கூட்டிக்கொண்டு போறவர் வச்சிருக்கிறதெல்லோ!" என்று கத்தினாள். அம்மம்மாவுக்குக் கோபம். "எமனிட்டக் கயிறுதான் இருக்கு. கத்தி எப்ப வாங்கினவன்?"

தொட்டாச்சிணுங்கியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அலகு கிட்டப் போன காற்றுக்கே இலையெல்லாம் கைகூப்பி, காம்பு தொங்கி, 'ஐயா விட்டுவிடுங்கள்' என்று படுத்துவிடுகிறது. முள் மட்டும் படுக்காது. அது என் கெண்டைக்காலுக்கு இப்போதும் தெரியும்.

நாயுண்ணியில்தான் கதை முடிந்தது. புல் அலகின் விளிம்பு சுத்தியலால் அடித்து அடித்துத் தாள் மாதிரி மெலிந்தது, புதருக்கென்று கட்டையாகத் தடித்த அலகு வேறு இருக்கிறதாம், அதை மாமா அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். விரல் தடிப்புத் தண்டில் இரண்டு வீச்சு விழுந்ததும் விளிம்பு கிழிந்தது. மூன்றாவது வீச்சில், உள்ளே கிடந்த பழைய கொங்கிரீட் கம்பியில் பட்டு ஒரு 'டிங்'. மாமா அலகைத் தூக்கிப் பார்த்தார். என் மகளுக்கு விழுந்த இடத்தில் அதற்கும் ஒரு பல் விழுந்திருந்தது. ஜெர்மனில் ஏதோ சொன்னார், நல்ல வார்த்தை இல்லை என்று நினைக்கிறேன்.

மிச்சத்தை நானும் காட்டுக்கத்தியும் பார்த்துக்கொண்டோம். கவர்த்தடியால் புதரை அமத்திப் பிடித்து, அடியில் சரித்து ஒரு வெட்டு, இழுத்து ஒரு பக்கம் போடு, அவ்வளவுதான். போகன்விலாவுக்கு மட்டும் சீமெந்துப் பை நாலு, கையுறை ஒரு சோடி, சாரம் ஒன்று பலி. மூன்று நாளில் மதிலின் அடி தெரிந்தது. காணாமல் போன இரண்டு டெனிஸ் பந்தும் கிடைத்தன.

சொன்னபடி பரிசோதகர் வந்தார். பின்கதவைத் திறந்தேன். மொட்டை நிலம். மனுஷன் திருப்தியாகத் தலையாட்டினார், மாமா மீசையைத் தடவினார். போகத் திரும்பியவர் மதில் மூலையில் குனிந்து எதையோ எடுத்தார்.

"மேக மொகத்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

மாமாவின் பால்மாப் பேணி. அன்றைக்குக் கோபத்தில் கழற்றி எறிந்த இடத்திலேயே, அன்றைய தண்ணீரோடு, சாணைக்கல்லும் உள்ளே. வெளிச்சத்துக்குச் சரித்துக் காட்டினார். கல்லைச் சுற்றி வால் ஆட்டி ஆட்டி ஒரு இருபது முப்பது.

"மதுரு கீடயோ," என்றார். நுளம்புப் புழுக்கள்.

மாமா என்னைப் பார்த்தார். "என்னடா சொல்லுறார், கல்லைக் கேக்கிறாரோ?"