நத்தைய மாத்தி நத்தையா ஆன கதை

எங்கிட்ட இருக்கறது பழைய ஸ்விஃப்ட் டீசல், 1.3 மல்டிஜெட், 75 குதிரை. ஓட்டுனவங்களுக்குத் தெரியும், 2000 ஆர்பிஎம் வரைக்கும் தூங்கிட்டே வரும், அதுக்கு மேல பின்னாடி இருந்து யாரோ எத்துன மாதிரி பாயும். டர்போன்னா எஞ்சின் புகைல சுத்தி, எஞ்சினுக்குள்ள காத்த அமுக்கித் தள்ளற சக்கரம். இதே எஞ்சின்ல விஜிடி டர்போ, அதாவது புகை போற வழிய தேவைக்குத் தக்கன சுருக்கி விரிக்கறது, வெச்சு 90 குதிரை குடுத்தாங்கல்ல, அந்த வயித்தெரிச்சல்தான் எல்லாத்துக்கும் காரணம்.

விஜிடி மாத்தோணும்னா எஞ்சினோட கம்ப்யூட்டர், ஈசியூ வரைக்கும் நோண்டோணும், காசு இல்ல. நம்ம பட்டறை அண்ணன், "தம்பி, டர்போ அதே இருக்கட்டும், எக்சாஸ்ட் பக்க ஹவுசிங்க, புகை போற அந்தக் கூட்ட மட்டும் பெருசா போடுவோம், மேல போகப் போக மூச்சு முட்டாது"ன்னாரு. டர்போ பண்ற காரெட் கம்பெனில ஒரே டர்போவுக்கு 0.64, 0.86ன்னு ஏ/ஆர் (கூட்டோட உள்வழி எவ்ளோ அகலம்ங்கற கணக்கு) பாத்து ஹவுசிங் கிடைக்கறதெல்லாம் நான் ராத்திரி பூரா படிச்சு வெச்சிருந்தேன், அதனால பெரிய அறிவாளி மாதிரி தலைய ஆட்டுனேன். நம்பர் பெருசுன்னா பவர் பெருசு, என்ற மண்டைல ஏறுனது அவ்ளோதான்.

பெரிய ஹவுசிங் ஒண்ணு புடிச்சு, லேத்துல குடுத்து டர்போ சக்கரத்தோட அளவுக்கு குடைஞ்சு வாங்கி வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். அப்பா ரிட்டயர் ஆகற வரைக்கும் பீளமேட்டுப் பக்கம் பம்ப் கம்பெனில வார்ப்படத்துல இருந்தவரு. நத்தைக்கூடு மாதிரி இருக்கறத கைல தூக்கி, வாய்க்குள்ள விரல விட்டுப் பாத்தாரு.

"இது நம்ம பம்ப் கேசிங்டா. அங்க சக்கரம் சுத்தி தண்ணியத் தள்ளுது, இங்க புகை வந்து சக்கரத்தச் சுத்துது. ஓஸ் வாய விரல்ல அமுக்குனாத்தான தண்ணி பீச்சும்? நீ வாய அகலமாக்கிட்டு வந்து நிக்கற. உன்ற எஞ்சின் ஊதற ஊதுக்கு இது எப்ப சுத்தறது?"

"அப்பா, இது வேற டெக்னாலஜி"ன்னேன். இப்ப நெனச்சாலும் கூசுது.

மாட்டறதுக்குள்ள ஹவுசிங்கப் புடிக்கற ஸ்டட் போல்ட் ரெண்டு ஒடிஞ்சு, கேஸ் வெச்சு சூடு பண்ணி, ஆயில் திரும்பற பைப் கீழ பாத்து வர்ற மாதிரி திருப்பித் திருப்பி வெச்சு, ஒரு முழு நாள் போச்சு. அடுத்த நாள் சிங்காநல்லூர் சிக்னல்ல பச்சை விழுந்துச்சு, மிதிச்சேன், கரும்புகை வந்துச்சு, வண்டி மட்டும் வரல. பின்னாடி நாலு பிளாஸ்டிக் குடம் கட்டுன டிவிஎஸ் ஒண்ணு என்னத் தாண்டிப் போச்சு, அந்த ஆள் திரும்பி வேற பாத்தாரு.

ஞாயித்துக்கிழமை பல்லடத்துல ஒரம்பரை வீட்டு விசேஷம். அம்மா முன்சீட்டுல, மடியில தூக்குப்போசி நெறைய ரசம். வேண்டாம்மா, அங்கயே சோறு போடுவாங்கன்னா கேட்டாத்தான. சூலூர் தாண்டி ஒரு லாரிய ஓவர்டேக் பண்ணலாம்னு தேர்டுல போட்டு அமுக்குனேன், ஒண்ணுமே இல்ல, இன்னும் அமுக்குனேன், லாரி டிரைவர் பாவம்னு ஒதுங்கி வழியே விட்டுட்டாரு, அப்ப பாத்து 3000 ஆர்பிஎம்ல டர்போ தேவரீர் முழிச்சுக்கிட்டாரு பாருங்க! அம்மா சீட்டோட ஒட்டிக்கிச்சு, போசி மூடி எங்கயோ போச்சு, ரசம் பட்டுச்சேலைல ஆரம்பிச்சு கியர் வரைக்கும். பின்சீட்டுல அப்பா பேசவே இல்ல. பேசிருந்தாக்கூட தேவலை.

பழைய ஹவுசிங்கையே திருப்பி மாட்டியாச்சு, ஸ்டட் மட்டும் புதுசு. ஏசி போட்டா இன்னும் மிளகு வாசம் வருது. பெரிய ஹவுசிங்க எடைக்குப் போடலாம்னா அப்பா விடல, வார்ப்பு நல்லா இருக்காம். வாசல்ல தண்ணி ஓஸ் ஓடாம இருக்க அது மேல பாரமா வெச்சிருக்காரு. வர்றவங்க எல்லாம் இது என்னன்னு கேக்கறாங்க, அவரும் ரசத்துல இருந்து ஆரம்பிக்கறாரு.